விடுமுறை யாருக்கு?

(கோடை விடுமுறை தொடங்கிய வாரத்தில், தஞ்சைப் பகுதிக் கிராமம் ஒன்றின் வாசகசாலையில் பேசிய பேச்சு)



இன்றைக்கு என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் "கோடையில் குடும்பத்தார் படிக்கத்தக்க நூல்கள்" என்பதாகும். இந்த வாசகசாலையை நடத்திவரும் வாலிபர்கள் என்னிடம் வந்து, பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள், பிள்ளைகள் வெயிலில் சுற்றுகிறார்கள், வீட்டிலுள்ளவர்கள் எல்லாரும் உட்கார்ந்து படிக்கும்படியாக நாலு நல்ல புத்தகங்களின் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள் என்று கேட்டார்கள். நானும் ஒப்புக்கொண்டு ஒரு ஜாபிதா எழுதினேன். அந்த ஜாபிதா என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஆனால் இங்கே வந்து உட்கார்ந்த பிறகு அதை எடுத்துப் படிக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.

காரணம் என்னவென்றால், கூட்டம் ஆரம்பித்தபோது அந்தத் தூண் ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தலைவர் முன்னுரை சொல்லி முடிப்பதற்குள் அவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். மணி ஆறரை ஆகிறது. அடுப்புப் பற்றவைக்கிற நேரம். ஆனால் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிற ஆண்களில் ஒருவராவது எழுந்து போனாரா என்றால், இல்லை. நமக்கும்தான் பசிக்கப் போகிறது. ஆனாலும் சோறு தானாக வெந்து தட்டில் வந்து விழும் என்கிற தைரியத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். இப்படிப்பட்ட நிலையில் "குடும்பத்தார் படிக்கத்தக்க நூல்கள்" என்று நான் பேசினால், அது குடும்பத்தில் பாதிப் பேருக்குப் பேசியதாகத்தானே ஆகும்? ஆகவே எந்தப் புத்தகம் என்பதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். படிப்பதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது என்பதை முதலில் பேசுவோம்.

நான் பெரிய படிப்பாளி அல்ல. நான் சொல்வதை உங்கள் உங்கள் வீட்டு நடப்போடு ஒத்திட்டுப் பாருங்கள். சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

கோடையும் வேலையும்

கோடை விடுமுறை என்கிறோமே, அது யாருக்கு விடுமுறை? பிள்ளைகளுக்கு விடுமுறை, வாத்தியாருக்கு விடுமுறை, கோர்ட்டுக்குக்கூட விடுமுறை. நம் பகுதி விவசாயிக்கும் உளுந்தும் பயறும் வீடு வந்து சேர்ந்துவிட்டால், வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி மேட்டூரில் தண்ணீர் திறந்துவிடும் வரையில் வயலில் அவ்வளவாக வேலை இல்லை. அந்த நாட்களில் ஆண்பிள்ளைகளெல்லாம் எங்கே இருக்கிறார்கள் என்பது டீக்கடைக்காரருக்குத் தெரியும்.

வீட்டுப் பெண்ணுக்கு என்ன நடக்கிறது? கோடை வந்தால் அவளுக்கு வேலை கூடுகிறதே அல்லாமல் குறைகிறதில்லை. புளியைக் கொட்டை எடுத்து உப்புப் போட்டுப் பானையில் அடைக்க வேண்டும். மிளகாயும் மல்லியும் காயவைத்து, வருஷத்துக்கு வேண்டிய பொடி அரைத்துவர வேண்டும். கூழ் காய்ச்சி வடகம் பிழிய வேண்டும். மோர்மிளகாய், மாவடு, கொத்தவரங்காய் வற்றல் எல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான் ஆக வேண்டும். பட்டணத்திலிருந்து நாத்தனார் பிள்ளைகளும் கொழுந்தன் பிள்ளைகளும் வந்து இறங்குவார்கள். நாலு பேருக்கு வடித்த உலையில் பத்துப் பேருக்கு வடிக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்குக் குடத்தோடு நிற்க வேண்டும். பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் பிள்ளைகள் போன பிறகு பத்து மணிக்குக் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டவளுக்குக் கோடையில் அதுவும் இல்லை.

இது ஏதோ நான் வாய்ப்பேச்சாகச் சொல்லுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2019ஆம் வருஷத்தில் இந்திய அரசாங்கத்தின் புள்ளிவிவர இலாகா, ஜனங்கள் நாள்பொழுதை எப்படிக் கழிக்கிறார்கள் என்று தேசம் முழுதும் கணக்கெடுத்தது. அதன்படி, 6 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். அப்படிச் செய்கிற பெண் நாள் ஒன்றுக்கு 299 நிமிஷம் செய்கிறாள். ஆண் 97 நிமிஷம் செய்கிறான். 299 நிமிஷம் என்றால் ஐந்து மணிக்கு ஒரு நிமிஷம்தான் குறைவு. குழந்தையையும் கிழவர்களையும் நோயாளிகளையும் கவனித்துக்கொள்வது இதில் சேரவில்லை. அது தனிக் கணக்கு. ஒரு வருஷத்துக்குக் கூட்டிப் பார்த்தால் 1,800 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இதற்குக் கூலி உண்டா? ஓய்வு நாள் உண்டா?

இப்படி ஒருத்தியின் நாளை எல்லாம் எடுத்துக்கொண்டுவிட்டு, "நம் வீட்டுப் பெண்களுக்குப் படிப்பில் ருசியே இல்லை" என்று சொல்லுகிறோமே, இது எவ்வளவு நியாயம் என்று யோசித்துப் பாருங்கள். மாட்டின் வாயைக் கட்டிப் போரடித்துவிட்டு, அதற்கு வைக்கோலில் பிரியமில்லை என்று சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

என் அக்காளின் கதை

நான் அயலார் வீட்டைக் குறை சொல்ல வரவில்லை. என் வீட்டுச் சங்கதியையே சொல்லுகிறேன். 1964ஆம் வருஷம் கோடை. எனக்குப் பத்து வயது. என் அக்காளுக்குப் பதின்மூன்று. அக்காள் என்னைவிட நன்றாகப் படிக்கக்கூடியவள். ஆனால் அவள் பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசாக ஒரு கதைப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். மொட்டை மாடியில் அக்காள் வடகம் பிழிவாள். நான் நிழலில் உட்கார்ந்து காக்கை விரட்ட வேண்டியது. அக்காள் சொன்னாள்: "தம்பி, நீ சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய், அந்தக் கதையைச் சத்தமாகப் படிடா" என்று. நானும் படித்தேன். மூன்று நாள் நடந்தது. நாலாம் நாள் கதையின் மும்முரத்தில் நானும் காக்கையை மறந்தேன், அவளும் மறந்தாள். வேட்டியில் பிழிந்த வடகத்தில் பாதியைக் காக்கை கொத்திவிட்டது.

காக்கை விரட்ட வேண்டியவன் நான். புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவன் நான். ஆனால் அடி விழுந்தது அக்காளுக்கு. "பெண்பிள்ளைக்குக் கதை என்ன வேண்டிக்கிடக்கிறது" என்று சொல்லித்தான் அடித்தார்கள். நான் அழுதேனே ஒழிய, தப்பு என்னுடையது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவுமில்லை. பிறகு அந்தப் புத்தகத்தை மாடிக்குக் கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது. மீதிக் கதையை நான் திண்ணையில் உட்கார்ந்து படித்து முடித்தேன்.

அக்காள் இன்றைக்கும் இருக்கிறாள். அந்தக் கதை கடைசியில் எப்படி முடிந்தது என்று போன வருஷம்கூட என்னைக் கேட்டாள். எனக்கு மறந்துபோய்விட்டது. அதற்குப் பிறகு எனக்கு எத்தனையோ கதைகள் கிடைத்தன. அவளுக்குக் கிடைத்தது அந்த அரைக் கதை ஒன்றுதான்.

எழுத்து வந்தது, நேரம் வரவில்லை

அந்தக் காலம் போய்விட்டதே என்று நீங்கள் சொல்லலாம். ஒரு பங்கு போய்விட்டது என்பது உண்மைதான். 1951ஆம் வருஷத்து ஜனக் கணக்குப்படி இந்தியா முழுமைக்கும் எழுத்துத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு 9 பேர்கூட இல்லை. 2011ஆம் வருஷத்துக் கணக்குப்படி நம் தமிழ்நாட்டில் மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 73 பெண்களுக்கு எழுத்துத் தெரியும். இது சாமானிய மாறுதல் அல்ல. எத்தனையோ பேர் பாடுபட்டதால் வந்தது.

ஆனால் எழுத்துத் தெரிந்தவளுக்குப் படிக்க நேரம் இல்லையென்றால் அந்த எழுத்தினால் என்ன பயன்? மளிகைச் சீட்டு எழுதவும், பஸ்ஸின் பலகையைப் பார்க்கவும், பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்குக் கையெழுத்துப் போடவும்தானா அவள் பத்தும் பன்னிரண்டும் வருஷம் படித்தது?

"நேரமில்லை என்கிறீர்களே, மணிக்கணக்காகத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் இருக்கிறார்களே, அதற்கு நேரம் எங்கிருந்து வந்தது?" என்று ஒரு தோழர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பெட்டியின் முன்னால் இருக்கும்போது அவள் கை என்ன செய்கிறது என்று அவர் பார்த்தாரா? கீரை ஆய்கிறது, பூண்டு உரிக்கிறது, துணி மடிக்கிறது. புத்தகமோ கண்ணையும் கேட்கும், கையையும் கேட்கும். வீட்டுப் பெண்ணுக்கு இரண்டும் ஒழிவதில்லை. அவளுக்கு மீதியிருப்பது காது ஒன்றுதான். அந்தக் காதைத் தொடர்கதைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். நாம் ஏன் பிடிக்கவில்லை?

பீடிக் கொட்டகையில் கற்ற பாடம்

இதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கை ஒழியாத ஏழைத் தொழிலாளிகளே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். மலையாளக் கரையில் கண்ணூர்ப் பக்கத்துப் பீடிக் கொட்டகைகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் பத்திரிகையையும் புத்தகத்தையும் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். பீடிக்கு எண்ணிக்கைக் கூலி. படித்துக்கொண்டிருந்தால் அவர் கூலி போய்விடுமே! அதற்காக மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பீடி சுற்றி அவர் பங்கை நிரப்பிக் கொடுப்பார்கள்.

கடல் கடந்து கியூபா தேசத்திலும் இப்படியே நடந்தது. ஹவானா பட்டணத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865ஆம் வருஷம் இவ்வழக்கம் தொடங்கிற்று. தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு, தங்களுக்குப் படித்துக்காட்ட ஓர் ஆளை ஏற்படுத்திக்கொண்டார்கள். இது ஆபத்து என்று கண்டு அடுத்த வருஷமே அங்கிருந்த அதிகாரிகள் தடை போட்டார்கள். ஆனாலும் வழக்கம் பிழைத்துக்கொண்டது. கேட்ட நாவல்களில் ஒன்று அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனதால்தான் 'மாண்டி கிறிஸ்டோ' என்கிற பெயரே ஒரு சுருட்டுக்கு வந்தது என்று சொல்லுவார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? படிப்பவர் பங்கு வேலையை மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான். ஒருவருக்கொருவர் உறவில்லாத தொழிலாளிகளுக்கு இருந்த இந்த நியாய புத்தி, ஒரே கூரையின் கீழ் ஒரே உலைச் சோற்றைத் தின்கிற நமக்கு ஏன் இருக்கக் கூடாது? தாயார் ஒரு மணி நேரம் படிக்கட்டும். அவள் பங்குப் பாத்திரத்தை நாம் தேய்ப்போம் என்று ஏன் சொல்லக் கூடாது?

"ஆண்பிள்ளை பாத்திரம் தேய்த்தால் மானம் போய்விடாதா?" என்பார்கள். ஓட்டலில் சமைப்பது யார்? கலியாணத்தில் நூறு படி அரிசி வடிப்பது யார்? ஆண்பிள்ளைகள்தானே! சம்பளம் கொடுத்தால் போகாத மானம், சொந்த வீட்டில் சும்மா செய்தால் மட்டும் போய்விடுமா? அப்படிப் போகிற மானம் இருந்தென்ன, போயென்ன?

எங்கள் வீட்டில் நடந்தது

போன கோடையில் எங்கள் வீட்டில் இதைச் செய்து பார்த்தோம். இராத்திரிச் சாப்பாடு ஆனதும் பாத்திரமும் அடுப்படியும் என்னுடையவும் என் மகனுடையவும் பொறுப்பு. அந்த ஒரு மணி நேரம் என் மனைவியும் மருமகளும் முற்றத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும் அல்லது படித்துக்காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. முதல் வாரம் சரிப்படவில்லை. என் மகன் முணுமுணுத்தான். நான் தேய்த்த சட்டியில் பிசுக்குப் போகவில்லை என்று என் மனைவி எழுந்து எழுந்து வந்தாள். "எனக்கு உட்கார்ந்திருக்கவே கூச்சமாக இருக்கிறது" என்றாள். ஐம்பது வருஷப் பழக்கம் ஒரு நாளில் போய்விடுமா?

இரண்டாம் வாரத்தில் என் பேத்தி காலண்டர் தாளைப் பார்த்துவிட்டு, "தாத்தா, அக்கினி நட்சத்திரம் ஆரம்பம் என்று போட்டிருக்கிறதே, அது எந்த நட்சத்திரம்? அதுவா சுடுகிறது?" என்று கேட்டாள். மேடை மேடையாகப் போய்ப் பகுத்தறிவு பேசுகிற எனக்குப் பதில் தெரியவில்லை. "அதெல்லாம் பஞ்சாங்கக்காரர் கட்டியது" என்று சொன்னேன். அது பதிலாகுமா? "அப்படியென்றால் ஏன் சுடுகிறது?" என்று அடுத்த கேள்வி வந்தது.

அப்போது என் மருமகள் பேசினாள். அவள் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவள். கலியாணமாகி எட்டு வருஷமாகப் பால் கணக்கைத் தவிர வேறு எதுவும் எழுதியதை நான் பார்த்ததில்லை. மறுநாள் நூலகத்திலிருந்து வான சாஸ்திரப் புத்தகம் ஒன்று எடுத்துவரச் சொல்லி, மூன்று இராத்திரி படித்துக்காட்டி, ஓர் எலுமிச்சம்பழத்தையும் விளக்கையும் வைத்து எங்களுக்கு விளக்கினாள். பஞ்சாங்கக்காரர் சொல்லுகிற அக்கினி நட்சத்திரம் என்பது கார்த்திகை. சூரியன் அந்தத் திசையில் இருப்பதாகத் தோன்றும் நாட்களுக்கு அந்தப் பெயர். ஆனால் அந்த நட்சத்திரக் கூட்டம் இருப்பது ஏறக்குறைய 440 ஒளியாண்டு தூரத்தில். சூரியனின் வெளிச்சம் நமக்கு வந்து சேர எட்டு நிமிஷம் சொச்சம். அதன் வெளிச்சம் வந்து சேர 440 வருஷம். அவ்வளவு தூரத்திலிருந்து அது நம் வடகத்தைக் காயவைக்க முடியாது.

பிறகு அவள் குழந்தையை உச்சி வெயிலில் வாசலில் ஒரு குச்சி நடச் சொன்னாள். மே மாதத்தில் குச்சியின் நிழல் தெற்குப் பக்கம் விழுந்தது. "பார்த்தீர்களா மாமா! சூரியன் நம் தலைக்கு நேராக ஏப்ரல் 18ஐ ஒட்டியே வந்து, நம்மைத் தாண்டி வடக்கே போய்விட்டது. அதற்குப் பிறகும் வெயில் கூடுவதற்குக் காரணம், தரை வாங்குகிற சூடு அது விடுகிற சூட்டைவிட அதிகமாக இருப்பதுதான். மேற்கிலிருந்து வருகிற வறண்ட காற்று கடற்காற்றையும் உள்ளே வரவிடாமல் தடுக்கிறது" என்றாள். என் மனைவி, "அப்படியானால் அக்கினி நட்சத்திரத்தில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பது?" என்று கேட்டாள். "வெயிலில் அலையக் கூடாது அத்தை, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அவ்வளவுதான்" என்று பதில் வந்தது.

தோழர்களே! இந்த அறிவு எட்டு வருஷமாக எங்கள் வீட்டு அடுப்படியிலேயே இருந்தது. நாங்கள் அதைக் கரி பிடிக்க விட்டிருந்தோம். அவள் மட்டும் நஷ்டப்பட்டாள் என்று நினைக்காதீர்கள். என் பேத்தி நஷ்டப்பட்டாள், என் மகன் நஷ்டப்பட்டான், நான் நஷ்டப்பட்டேன். உங்கள் வீட்டு அடுப்படியில் என்னென்ன இருக்கிறதோ, யார் கண்டது?

செய்ய வேண்டியது

இனி, காரியத்துக்கு வருகிறேன். முதலாவது, புத்தகத்துக்குப் பணமில்லை என்று சொல்லாதீர்கள். 1948ஆம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் செய்தார்கள். சுதந்திர இந்தியாவில் இப்படிப்பட்ட சட்டங்களுக்கு அதுதான் முன்னோடி. அதன்படி நீங்கள் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. ஆகவே நூலகத்திலுள்ள புத்தகம் உங்கள் காசில் வாங்கிய உங்கள் புத்தகம். எடுத்துவந்து படிக்காமல் விட்டால் நஷ்டம் யாருக்கு?

இரண்டாவது, பெண்கள் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் நூலகம் அவர்களிடம் போக வேண்டும். இங்கிருந்து அதிக தூரமில்லாத மன்னார்குடிப் பக்கத்தில் 1931ஆம் வருஷத்திலேயே மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். அதே 1931இல் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் அவர்கள் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதில் நாலாவது, படிப்பவரின் நேரத்தை வீணாக்காமல் காப்பாற்ற வேண்டும் என்பது. அவர் அதை நூலகக்காரர்களுக்குச் சொன்னார். நான் அதைப் புருஷன்மார்களுக்கும் சொல்லுகிறேன். இந்த வாசகசாலை வாலிபர்கள் வாரத்துக்கு ஒரு நாள் ஒரு சைக்கிளில் பத்துப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனால் போதும்.

மூன்றாவது, வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் பெண்ணின் வேலையை ஆணும் வளர்ந்த பிள்ளைகளும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பெண்பிள்ளையிடம் மட்டும் தள்ளிவிடக் கூடாது. அது அக்காளின் கதையாகவே முடியும். 45 நாள் விடுமுறையில் 45 மணி நேரம் கிடைக்கும். 200 பக்கப் புத்தகம் ஒன்றுக்கு ஆறு மணி என்று வைத்துக்கொண்டாலும் ஏழு புத்தகம் ஆயிற்று. கண் தெரியாத கிழவர்களுக்கும் எழுத்துத் தெரியாத பாட்டிமார்களுக்கும் பிள்ளைகள் உரக்கப் படித்துக்காட்ட வேண்டும்.

நாலாவது, எந்தப் புத்தகம் என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். "இது உனக்கு நல்லது, இதைப் படி" என்று ஆண்பிள்ளை எடுத்துக் கொடுப்பதும் ஒரு அதிகாரம்தான். அவளுக்குச் சமையல் புத்தகம் பிடித்தால் அதைப் படிக்கட்டும். கதை பிடித்தால் கதை. சட்டம் பிடித்தால் சட்டம். படித்ததைப் பற்றிக் கேள்வி கேட்கவும், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லவும் வீட்டில் எல்லாருக்கும் இடம் இருக்க வேண்டும். அதனால்தான் என் ஜாபிதாவை நான் வெளியில் எடுக்கவில்லை. வேண்டுமானால் வாசகசாலைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போகிறேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

கடைசியாக ஒன்று. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் உங்களுக்குச் சோறு போடுவார்கள். "கூட்டத்தில் என்ன பேசினார்கள்?" என்று கேட்பார்கள். "என்னமோ பேசினார்" என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்கு வந்துவிடாதீர்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவிவைத்துவிட்டு, உட்கார வைத்து முழுதும் சொல்லுங்கள். பாதியில் எழுந்துபோன அந்தத் தாய்மார்களுக்கு மீதிப் பேச்சு அப்படித்தான் போய்ச் சேர வேண்டும்.